மூன்றாம் மாசத்தில் முடிந்த வருஷம்

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் லீவுக்கு வரும்போதெல்லாம் இரண்டு மூன்று ஆங்கில நாவல்களைப் படித்துவிட்டு இங்கேயே போட்டுவிட்டுப் போய்விடுவாள். வீணாகக் கிடக்கிறதே என்று எடுத்து வைத்துக்கொண்டு படிப்பேன். படித்து முடிப்பதற்குள் எனக்கு ரத்தம் கொதித்துவிடும்.

எல்லாம் ஒரே வார்ப்பு. பதினெட்டு வயதுப் பெண். அவளுடைய அப்பா செத்துப்போவார். அவள் அழமாட்டாள். அவருடைய பழைய காரை எடுத்துக்கொண்டு நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கிளம்புவாள். வழியில் ஒரு அழகான பையன் ஏறிக்கொள்வான். ராத்திரி நட்சத்திரம் பார்ப்பார்கள். கடைசியில் ஒரு கடற்கரை வரும், அவள் அழுவாள், தன்னைத்தானே கண்டுபிடித்துக்கொள்வாள், புத்தகம் முடிந்துவிடும்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்கத் தோன்றுகிறது. அந்தச் சாவு வீட்டில் ஒரு பெரியப்பா கூடவா இல்லை? கார் சாவி ஆணியில் தொங்குகிறதாம், இவள் எடுத்துக்கொண்டு போகிறாளாம், ஏன் எங்கே என்று கேட்க ஒரு நாதியும் இல்லையாம். கொடுத்து வைத்தவள். என் மகளிடம் இதைச் சொன்னபோது, ஒரு கதைப் புத்தகத்தின்மேல் இவ்வளவு கோபம் எதற்கு என்று சிரித்தாள். எதற்கென்று சொல்கிறேன். நானும் பதினெட்டு வயதில் செத்துப்போன அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியவள்தான். பின்னால் உட்கார்ந்து வந்தது அழகான பையன் அல்ல, என் அம்மா.

எங்கள் ஊர் ஆந்திர எல்லையில், நகரிக்குப் பக்கத்தில். நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன், முதலில் நகரியில் பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தார். வெளிநாட்டு வியாபாரத்துக்கு நாட்டைத் திறந்துவிட்டார்கள், இனி எல்லாருக்கும் நல்ல காலம் என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. சித்தூரைச் சுற்றி மாம்பழக்கூழ் கம்பெனிகள் முளைத்தன. திறந்த கதவு வழியாக எங்கள் மாம்பழம் டின்னுக்குள் அடைபட்டுக் கப்பல் ஏறியது. எங்கள் பக்கத்துப் பையன்கள் குவைத்துக்கு விமானம் ஏறினார்கள். நைனா தறியை விட்டுவிட்டு லாரி ஏறினார். கூழ் பீப்பாய்களைச் சென்னைத் துறைமுகத்துக்கு ஏற்றிப்போகிற லாரி. சீசன் வந்துவிட்டால் தூக்கம் கிடையாது. இறக்கிவிட்டுத் திரும்பி வந்த வண்டியிலேயே மறுபடி ஏற்றுவார்கள். கண் சொருகுகிறது என்று சொன்னால், தூங்குகிறவனுக்கு இங்கே வேலை இல்லை என்பான் சூப்பர்வைசர். அப்படியொரு வைகாசியில், காலியாகத் திரும்பும்போதுகூட இல்லை, முழு லோடோடு, புத்தலப்பட்டுக்குக் கிட்டே ரோட்டோரப் புளியமரத்தில் மோதி நைனா செத்துப்போனார்.

உடம்பை வீட்டுக்குக் கொண்டு வந்தபோது முகத்தைத் துணியால் கட்டியிருந்தார்கள். திறக்க வேண்டாம் என்று பெரியப்பா சொன்னார், திறக்கவில்லை. அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். பொம்பளைகள் அங்கெல்லாம் வரக்கூடாது என்றார். நைனாவுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் கொள்ளி வைத்தது பெரியப்பாவின் மகன். கொள்ளி வைத்த வீட்டுக்குத்தான் சகல அதிகாரமும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நைனாவின் மொபெட்டைக்கூட, பத்திரமாக இருக்கட்டும் என்று பெரியப்பா தன் வீட்டு நடையில் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டார். அதை ஓட்ட எனக்குக் கற்றுக்கொடுத்ததே நைனாதான். பத்தாவதுக்குப் பிறகு இன்டர் படித்த இரண்டு வருஷமும் நகரி காலேஜுக்கு அதில்தான் போனேன்.

திருப்பதியில் ஒரு பெண்கள் கல்லூரியில் எனக்கு கம்ப்யூட்டர் டிகிரிக்கு இடம் கிடைத்திருந்தது, ஹாஸ்டலோடு. நைனா இருக்கும்போதே முடிவானது. ஆவணி முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், இல்லையென்றால் இடம் போய்விடும். நான் பெரியப்பாவிடம் போய் நின்றேன். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருஷத்துக்குத் திருப்பதி மண்ணை மிதிக்கக்கூடாது என்றார். வருஷத்துக்குள் மலை ஏறக்கூடாது என்பதுதான் வழக்கம். மலைமேல்தான் கோயில், கீழே இருப்பது ஊர். கீழே பஸ் ஸ்டாண்டு இருக்கிறது, மார்க்கெட் இருக்கிறது, சாராயக்கடைகூட இருந்தது. அங்கெல்லாம் போகிறவர்கள் வீட்டில் சாவே விழாதா? வாயைத் திறந்து கேட்டேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அம்மாவின் நிலைமை இன்னும் மோசம். தாலி இறக்கியவள் வருஷம் முடியும்வரை வாசற்படி தாண்டக்கூடாது, யாருக்கும் எதிரில் வரக்கூடாது. பின்கட்டு இருட்டில் ஒரு பாயைப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். எப்போதும் வளவளவென்று பேசுகிறவள், பேச்சே நின்றுபோய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் அடுத்த வழக்கம் கிளம்பி வந்தது. பெற்றவர்கள் செத்த வருஷத்துக்குள் வீட்டில் இருக்கும் பெண்ணுக்குக் கல்யாணம் முடித்துவிட வேண்டும். அந்தப் புண்ணியம் செத்தவருக்குப் போகும். வருஷம் தாண்டிவிட்டால் அதற்கப்புறம் மூன்று வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கக்கூடாது. பெரியப்பா நைனாவின் ஆத்மாவை நினைத்து உருகிவிட்டார். வெதுருகுப்பத்தில் ஒரு விவசாயக் குடும்பம், எங்கள் ஆட்கள்தான், பையன் குவைத்தில் டிரைவர், ஆவணியில் லீவில் வருகிறான். பேசி முடித்துவிட்டு வந்துதான் எங்களிடம் சொன்னார். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமே இல்லை. அவனை நான் பார்த்ததும் இல்லை, அவனை யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். எங்களுக்கு இன்னொரு டிரைவர் வேண்டாம், அவ்வளவுதான்.

ஆனால் அவசரத்தில் பெரியப்பா ஒன்றைக் கேட்காமல் விட்டுவிட்டார். அந்த வீட்டில் ஒரு வேண்டுதல் இருந்தது. பையன் சின்ன வயதில் காய்ச்சலில் பிழைத்தவன். அவன் கல்யாணத்தை மலைமேல் சாமி சன்னதியில் வைத்து நடத்துவதாக அவனுடைய அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். அதை மாற்றவே முடியாது. நாங்களோ வருஷத்துக்குள் மலை ஏறக்கூடாதவர்கள். இது தெரிந்த அன்று நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். நைனா செத்தபின் அதுதான் முதல் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. பெரியப்பா புத்தூர் போய்ப் புரோகிதரைப் பார்த்துவிட்டு வந்தார். அதற்கு வழி இருக்கிறதாம். வருஷத் தெவசத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் வருஷம் முடிந்ததாகக் கணக்காம், தீட்டுப் போய்விடுமாம், தாராளமாக மலை ஏறலாமாம். வைகாசியில் செத்தவருக்கு ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் வருஷத் தெவசம்.

அடப்பாவிகளா. நான் காலேஜ் சேர வேண்டும் என்றபோது இரும்பாக இருந்த வழக்கம், கல்யாணம் என்றதும் எப்படி இப்படி ரப்பராகிப் போனது? நைனா செத்த இடத்தை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று நான் கெஞ்சினேனே, அதற்கு ஒரு புரோகிதர் வழி சொன்னாரா? அம்மாவைப் பின்கட்டிலிருந்து எழுப்ப யாராவது புத்தூருக்குப் பஸ் ஏறினார்களா? தெவசத்தன்று வாழையிலை போட்டு ஊரே உட்கார்ந்து தின்றுவிட்டுப் போனது. செத்து மூன்று மாசம் முடியாதவருக்கு வருஷம் முடிந்துவிட்டதாம். வடையைக் கடித்துக்கொண்டு எல்லாரும் தலையாட்டினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இலை எடுத்தேன்.

மறுநாள் விடிந்ததும் குளித்து, பின்கட்டுக்குப் போய் அம்மாவை எழுந்திருக்கச் சொன்னேன். எங்கே என்று கேட்டாள். அந்தப் பையன் வீட்டுக்கு என்றேன். நேரில் போய், எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம், காலேஜில் சேரப்போகிறேன் என்று அவனுடைய அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. எழுந்து, என் சர்டிபிகேட்டெல்லாம் இருக்கும் பையை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

பெரியப்பா வீட்டு நடையில் நுழைந்து மொபெட்டை இறக்கினேன். அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வேப்பங்குச்சியோடு ஓடி வந்தார். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க நின்றிருந்தவர்கள் எல்லாரும் முந்தினநாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

"வருஷந்தான் முடிஞ்சிடுச்சே பெரியப்பா. நேத்து நீங்கதான தெவசம் குடுத்தீங்க. எங்கம்மா இனிமே எங்க வேணா போவலாம்."

அவருக்கு வாயில் குச்சி, தெருவில் ஜனம். இல்லை, வருஷம் முடியவில்லை என்று சொன்னால் அவர் கொடுத்த தெவசம் பொய். முடிந்தது என்றால் எங்களைத் தடுக்க முடியாது. அவர் முகம் போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இனிக்கும். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பட்டப்பகலில், அத்தனை பேர் எதிரிலும் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

நகரியில் ஆயில் கலந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு புத்தூர் வழியாகக் கார்வேட்டிநகரம் போனோம். மொபெட் இரண்டு பேரைத் தாங்காமல் முனகியது. மேடு வந்தால் நான் பெடலை மிதிப்பேன். அப்படியும் ஏறாவிட்டால் அம்மா இறங்கி நடப்பாள், உச்சியில் நான் நின்று காத்திருப்பேன். அவளுக்கு நடையே மறந்துவிட்டிருந்தது. கூசிய கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு தள்ளாடி வந்தாள். மூன்று மாசம் ஒரு மனுஷியை இருட்டில் வைத்து என்ன செய்துவிட்டார்கள் என்று பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொங்கியது. வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஓட்டினேன். பெரியப்பாவை, புரோகிதரை, கூழ் கம்பெனியை, குவைத்தை, சாமியை. அம்மா சர்டிபிகேட் பையை எனக்கும் தனக்கும் நடுவில் வைத்து அணைத்துக்கொண்டிருந்தாள்.

வெதுருகுப்பத்தில் பையனின் அம்மா களத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். கறுத்து ஒடிசலான பெண், எங்கள் அம்மா வயதுதான் இருக்கும். நாங்கள் யார் என்று சொன்னதும், வாங்க சம்பந்தி என்று எழுந்தவள், அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். கல்யாணம் வைத்திருக்கும் வீட்டு வாசலில் இப்படி ஒரு முகம் வந்து நின்றால் யாருக்குமே திக்கென்றுதான் இருக்கும். ஆனாலும் முகம் சுளிக்கவில்லை. ரா அம்மா, கூர்ச்சோ என்று தெலுங்கில் சொல்லி எங்களை உட்காரச் சொன்னாள், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

நான் ஆரம்பித்தேன். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் வெடித்துக்கொண்டு வந்தது. எனக்குக் கல்யாணம் வேண்டாம், என்னை யாரும் கேட்கவில்லை, நான் படிக்கப் போகிறேன். அவள் கேட்டுக்கொண்டே கடலையைப் பொறுக்கினாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், எந்தப் பெண்தான் கல்யாணம் வேண்டும் என்று சொல்லும், நான்கூட அழுதுகொண்டேதான் இந்த வீட்டுக்கு வந்தேன் என்றாள். அவ்வளவுதான். என் கோபம் முழுவதையும் சொத்தைக் கடலையோடு சேர்த்து ஒதுக்கிவிட்டாள். இடம் போயிற்று, படிப்புப் போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். குரல் கரகரவென்று வந்தது.

"எங்க வூட்டுக்காரரு வைகாசியில செத்தாரு. உங்களுக்குத் தெரியுமா?"

அந்தப் பெண்ணின் கை நின்றது. "எந்த வைகாசி? தீட்டெல்லாம் எப்பவோ கழிஞ்சிபோச்சின்னுதான உங்க மச்சாண்டாரு சொன்னாரு."

"இந்த வைகாசி. இன்னிக்கிக் காலையில வரைக்கும் நான் மூலையில குந்திக்கினு இருந்தேன். நேத்து வருஷத் தெவசம் குடுத்து வருஷம் முடிஞ்சிபோச்சின்னு சொல்ட்டாங்க." அம்மா ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். "நீங்களே சொல்லுங்க. வருஷம் முடிஞ்சிபோச்சின்னா மூணு வருஷத்துக்கு எங்க வூட்ல கல்யாணம் பண்ணக்கூடாது. முடியலைன்னா எங்களைக் கூட்டிக்கினு நீங்க மலை ஏறக்கூடாது. ரெண்டுல எது?"

அந்தப் பெண் மடியிலிருந்த கடலையை முறத்தில் கொட்டிவிட்டு எழுந்து, மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தீட்டோடு மருமகளைச் சாமி எதிரில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தால் என் பிள்ளைக்கு என்ன ஆகியிருக்கும் என்று பெரியப்பாவைத் தெலுங்கில் ஒரு பாட்டம் திட்டினாள். நான் வழியெல்லாம் திட்டியதைவிட அது நன்றாகவே இருந்தது. பிறகு உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கிளம்பும்போது அம்மாவை சம்பந்தி என்று கூப்பிடவில்லை. "பத்திரமா போய்க்கினு வா அக்கா" என்றாள்.

ஊர் எல்லை தாண்டியதும் வண்டியை நிறுத்திவிட்டு, இதை எப்போது யோசித்தாய் என்று அம்மாவைக் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு மூன்று மாசம் சும்மாவா உட்கார்ந்திருந்தேன் என்றாள்.

திருப்பதிக்கு நேராகப் போகிற வழி இருந்தது. நான் அதில் திரும்பப் போனபோது அம்மா என் தோளைத் தட்டி, புத்தலப்பட்டுக்குப் போ என்றாள். பெனுமூரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். அந்த மரத்தை யாரிடமும் விசாரிக்கத் தேவைப்படவில்லை. தண்டில் ஆள் உயரத்துக்குப் பட்டை பெயர்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. கீழே மண்ணில் கண்ணாடித் தூள். மாம்பழக்கூழ் வழிந்து காய்ந்த இடம் கறுத்துப் பொருக்குத் தட்டிக் கிடந்தது, ஒரு மழைகூட அதைக் கழுவியிருக்கவில்லை. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எங்களை உரசிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தன. இதைப் பார்க்கவா எங்களை விடவில்லை? ஒரு மரம், கொஞ்சம் கண்ணாடி. இதை நாங்கள் பார்த்தால் எந்த வானம் இடிந்து விழுந்திருக்கும்?

அம்மா மரத்தடியில் உட்கார்ந்து மண்ணை இரண்டு கையாலும் அறைந்தாள். ஒப்பாரி இல்லை, சண்டை. வீட்டில் நைனாவோடு போடுவாளே, அதே சண்டை.

"கண்ணு சொருவுனா ஓரங்கட்டுய்யா ஓரங்கட்டுய்யான்னு எத்தினி தபா சொன்னேன். கேட்டியா? எவனோ பழம் துன்றதுக்கு நீ முழிச்சிக்கினு ஓட்டணுமா? என்னைப் பத்தி நெனச்சியா, இவளைப் பத்தி நெனச்சியாய்யா?"

எனக்கு அப்போதுதான் உடைந்தது. பெரியப்பாமேல், கம்பெனிமேல் என்று நான் அத்தனை நாள் அள்ளிக் கொட்டிய கோபத்தில் பாதி நைனாமேல் இருந்த கோபம். ஏன் ஓரம் கட்டவில்லை? ஏன் எங்களை இவர்களிடம் விட்டுவிட்டுப் போனீர்கள்? நானும் உட்கார்ந்து அந்த மரத்தைப் பார்த்துக் கத்தினேன். கத்திக் கத்தி அழுதேன். லாரி டிரைவர்கள் ஹார்ன் அடித்துவிட்டுப் போனார்கள். ஒருத்தனும் நிறுத்தவில்லை.

சந்திரகிரி தாண்டித் திருப்பதி போய்ச் சேர்ந்தபோது கல்லூரி ஆபீஸைப் பூட்டப் போகிற நேரம். அம்மா பையிலிருந்து சர்டிபிகேட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அப்பா எங்கே என்று கிளார்க் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், நான்தான் வந்திருக்கேனே, எங்கே கையெழுத்துப் போடணும் என்று அம்மா கேட்டாள். இடம் இருந்தது. சேர்ந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிரே மலை சாயங்கால வெயிலில் நின்றது. வண்டியை நேராக அலிபிரிக்கு விட்டேன். மலைக்கு நடந்து போகிறவர்கள் தேங்காய் உடைத்துவிட்டுப் படியேறுகிற அடிவாரம் அது. மொட்டைகளும் கோவிந்தா சத்தமுமாகக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. அம்மாவை இறங்கச் சொன்னேன். வா, ஏறலாம், உச்சிக்குப் போய் நின்று சாமியைப் பார்த்துவிட்டு வந்து பெரியப்பாவிடம் சொல்லலாம், அவர் கொடுத்த தெவசம்தானே, அவரால் என்ன பேச முடியும் என்றேன். அன்றைக்கு அவரை ஜெயித்தது எனக்குப் போதவில்லை. மலைமேலும் நின்று ஜெயிக்க வேண்டும்.

அம்மா இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றினாள். முதல் படிவரை போய், அதைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். வருஷம்தான் முடிந்துவிட்டதே என்றேன்.

"அவங்களுக்கு முடிஞ்சிபோச்சி," என்றாள் அம்மா. "எனக்கு எங்கடி முடிஞ்சிது?"

நான் வண்டியைத் திருப்பினேன்.